கணித மேதை இராமானுஜனும் விதி கற்கும் வழியும்

கல்வி கற்கப் புகும் எவரும் முதலில் எதிர்கொள்வது விதிகளைத்தான். இலக்கணத்தில் புணர்ச்சி விதி, கணிதத்தில் சூத்திரம், இயற்பியலில் நியூட்டனின் இயக்க விதி, பொருளியலில் தேவை விதி. எந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் நடுவே சில விதிகள் தூண்களைப் போல் நிற்கின்றன. அவற்றை நாம் எவ்வாறு கற்கிறோம்? தேர்வுக்கு முந்திய இரவில் உருப்போட்டு, மறுநாள் விடைத்தாளில் இறக்கி வைத்து, அடுத்த வாரமே மறந்துவிடுகிறோம். இதனை நம்மில் பலரும் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

விதிகளைக் கற்பிக்க இரு வழிகள் உண்டெனக் கல்வியியலார் கூறுவர். எடுத்துக்காட்டுகளை முன்வைத்து, அவற்றிலிருந்து விதியை மாணவனே கண்டெடுக்கச் செய்வது விதிவருமுறை. விதியை முதலில் கூறிப் பின்னர் அதனை எடுத்துக்காட்டுகளில் பொருத்திக் காட்டுவது விதிவிளக்க முறை.

நமது கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தே இதற்கொரு சான்று காட்டலாம். ஏலம் என்ற சொல்லும் காய் என்ற சொல்லும் சேரும்போது, போடிச் சந்தையில் நாம் காணும் ஏலக்காய் பிறக்கிறது. ஏலமும் தோட்டமும் சேர்ந்தால் ஏலத்தோட்டம். தேவதானமும் பட்டியும் சேர்ந்தால் தேவதானப்பட்டி. ஆனால் மேகமும் மலையும் சேரும்போது மேகமலை என்றே ஆகிறது. அங்கு எந்த எழுத்தும் மிகவில்லை. ஓர் ஆசிரியர் இந்நான்கு சொற்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றால், வகுப்பிலுள்ள யாரேனும் ஒருவர் விதியைக் கண்டு சொல்லிவிடுவார். முதற்சொல்லின் இறுதியிலுள்ள மகர மெய் கெடுகிறது, வரும் எழுத்து வல்லினமானால் அது மிகுகிறது, மெல்லினமானால் மிகுவதில்லை. இது விதிவருமுறை. இதே விதியை நன்னூலிலிருந்து முதலில் ஒப்புவிக்கச் செய்து, பிறகு இச்சொற்களைக் காட்டினால் அது விதிவிளக்க முறை.

இவ்விரண்டில் எது சிறந்தது? தானே கண்ட விதி மனத்தில் ஊன்றி நிற்கும் என்பது உண்மை. ஆனால் நான்கு சொற்களைக் கண்டு நாலாயிரம் சொற்களுக்கு விதி வகுத்துவிடலாமா? மறுபுறம், பிறர் தந்த விதி விரைவாகவும் பிழையின்றியும் கைக்கு வருகிறது. ஆனால் அது ஏன் அவ்வாறு அமைந்தது என்ற கேள்வி எழாமலேயே போய்விடுகிறது.

இக்கேள்விக்கு விடை தேடும்போது, ஒரு தமிழரின் வாழ்க்கை நம் கண்முன் வந்து நிற்கிறது. அவரும் நம்மைப் போல் ஓர் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர். ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தேர்வில் தோற்றுப் பட்டமின்றி வெளியேறியவர். பிற்காலத்தில் உலகமே வியந்து போற்றிய கணித மேதை சீனிவாச இராமானுஜன் அவர்களே அவர். விதிகளை அவர் எவ்வாறு கற்றார், அதனால் என்ன பெற்றார், எதை இழந்தார் என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமைப் பருவம்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கராகப் பணிபுரிந்தார். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடி வந்தவர். சாரங்கபாணி கோயிலின் சந்நிதித் தெருவிலிருந்த சிறிய ஓட்டு வீட்டில் அவர் வளர்ந்தார்.

1897ஆம் ஆண்டு தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலிடம் பெற்ற அவர், 1898இல் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். லோனி என்பார் எழுதிய முக்கோணவியல் நூலைப் பதின்மூன்று வயதுக்குள்ளாகவே முழுவதும் கற்றுத் தேர்ந்தார். சைன், கொசைன் ஆகியவற்றைப் பற்றிய ஒரு முடிவைத் தாமே கண்டறிந்து மகிழ்ந்தார். பின்னர் அது ஆய்லர் என்னும் ஐரோப்பிய அறிஞர் நெடுங்காலத்திற்கு முன்பே கண்டறிந்தது எனத் தெரிந்ததும் வெட்கமுற்று, தாம் எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் மறைத்து வைத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பிறர் தரும் விதிக்குக் காத்திராமல் தாமே விதியைத் தேடிச் செல்லும் இயல்பு, அச்சிறு வயதிலேயே அவரிடம் குடிகொண்டிருந்தது.

வாழ்வை மாற்றிய நூல்

1903ஆம் ஆண்டில், கும்பகோணம் அரசினர் கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர் ஒருவர் வழியாக ஒரு நூல் அவர் கைக்கு வந்தது. இலண்டனில் மாணவர்களைக் கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் பயிற்றுவித்து வந்த ஜார்ஜ் கார் என்பவர் எழுதியது அது. தூய கணிதத்திலும் பயன்முறைக் கணிதத்திலும் உள்ள ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகளின் தொகுப்பாக, 1880க்கும் 1886க்கும் இடையில் வெளிவந்த நூல்.

அந்நூலின் அமைப்பை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அதில் விளக்கங்கள் மிகக் குறைவு. சூத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிட்டு வரிசையாக நிற்கும். நிரூபணம் என்ற பெயரில் பெரும்பாலும் முன்னுள்ள எண்ணைப் பார்க்கச் சொல்லும் ஒரு குறிப்பு மட்டுமே இருக்கும். இன்று கைடு என்று நாம் அழைக்கும் துணைநூல்களுக்கு அது ஒரு வகையில் மூத்த உறவு என்றுகூடச் சொல்லலாம். தேர்வுக்குப் படிப்பவன் விரைவாகத் திருப்பிப் பார்ப்பதற்கென்றே தொகுக்கப்பட்ட நூல் அது.

அத்தகைய நூல் ஒருவரை எவ்வாறு மேதையாக்கியது? நூலில் இருந்த சூத்திரங்களை இராமானுஜன் மனப்பாடம் செய்ய வேண்டிய செய்திகளாகக் கருதவில்லை. ஒவ்வொன்றையும் தமக்கு விடுக்கப்பட்ட ஒரு கணக்காக எடுத்துக்கொண்டார். இது உண்மைதானா, எங்கிருந்து வந்தது, இதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு சூத்திரத்தையும் கேட்டார். வழி சொல்லித்தர ஆசிரியரும் இல்லை, வேறு நூலும் இல்லை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தமக்கென ஒரு வழியை அமைத்துக்கொண்டார். கார் தம் சூத்திரங்களைப் படிக்கட்டுகளைப் போல் ஒன்றையடுத்து ஒன்றாக அடுக்கியிருந்ததும் அவருக்குத் துணை செய்தது. ஒரு படியில் கால் ஊன்றிய பின் அடுத்த படிக்கு ஏற முடிந்தது. நூல் முடிந்த இடத்திலும் அவர் நிற்கவில்லை. அடுத்த படிகளைத் தாமே கட்டிக்கொண்டு ஏறினார்.

அவர் வேலை செய்த முறையும் குறிப்பிடத்தக்கது. தாள் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதினார். எண்களை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்பார். அவற்றிடையே ஓர் ஒழுங்கு தென்பட்டால் பொதுவிதியை ஊகிப்பார். மேலும் சில எண்களால் சோதிப்பார். இறுதி முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். சிலேட்டில் இருந்த வழிமுறை அழிந்துபோகும். இவ்வாறு உருவான குறிப்பேடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உள்ளன. அவற்றில் பிழையானவை மிகச் சிலவே என்று பிற்கால ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

அரசுக் கல்லூரியில் தோல்வி

1904ஆம் ஆண்டு பள்ளியிறுதி முடித்து, கணிதத்திற்கான இரங்கநாத ராவ் பரிசையும் பெற்ற இராமானுஜன், உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். 1854இல் தொடங்கப்பெற்று, தென்னகத்தின் கேம்பிரிட்ஜ் எனப் புகழ்பெற்றிருந்த கல்லூரி அது. ஆனால் கணிதத்தைத் தவிர வேறு எதிலும் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார், உதவித்தொகை பறிபோயிற்று. கட்டணம் செலுத்த வழியின்றி, 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். பிறகு 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் கணிதத்தில் சிறந்து, உடலியல் முதலிய பாடங்களில் தோற்றார். 1907இல் மீண்டும் எழுதியும் வெற்றி கிட்டவில்லை. கல்லூரிக் கல்வி அத்துடன் முடிந்தது.

இத்தோல்வியை நாம் பெருமையாகப் பேசிவிடக் கூடாது. பட்டமில்லாமையால் அவர் பட்ட துன்பம் கொஞ்சமன்று. 1909இல் ஜானகி அம்மையாரை மணந்த பின் குடும்பப் பொறுப்பும் சேர்ந்தது. குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு வேலை தேடி ஊர் ஊராக அலைந்தார். 1910இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தவரும் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவருமான இராமசாமி ஐயரைக் கண்டார். அவர் வழியாகப் பேராசிரியர் சேஷு ஐயரையும், பின் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவையும் அடைந்தார். இராமச்சந்திர ராவ் சில காலம் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் அளித்து உதவினார்.

1911ஆம் ஆண்டு, கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜன் வாசகர்களுக்கு ஒரு கேள்வி விடுத்தார். அக்கேள்வியின் வேரை நாமும் எளிதில் காணலாம். மூன்றின் வர்க்கம் 9. அது 1உடன் இரண்டு நான்குகளைக் கூட்டியது. நான்கின் வர்க்கம் 16. அது 1உடன் மூன்று ஐந்துகளைக் கூட்டியது. ஐந்தின் வர்க்கம் 25. அது 1உடன் நான்கு ஆறுகளைக் கூட்டியது. இவ்வொழுங்கைப் பயன்படுத்தி, மூன்று என்பதை ஒரு வர்க்கமூலமாக எழுதலாம். அதனுள் இருக்கும் நான்கை இன்னொரு வர்க்கமூலமாக எழுதலாம். அதனுள் ஐந்து, அதனுள் ஆறு என வர்க்கமூலத்துள் வர்க்கமூலமாக முடிவின்றிச் செல்லும் ஒரு கோவை கிடைக்கும். அதன் மதிப்பு என்ன என்பதே கேள்வி. ஆறு மாதங்கள் காத்திருந்தும் எவரும் விடை அனுப்பவில்லை. விடை 3 என்று அவரே தெரிவித்தார்.

பள்ளிச் சிறுவனும் சரிபார்க்கக்கூடிய மூன்று வரிகளிலிருந்து இவ்வளவு ஆழமான முடிவு பிறந்தது. விதிவருமுறையின் ஆற்றலுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆனால் இதிலேயே அதன் குறையும் மறைந்துள்ளது. முடிவின்றிச் செல்லும் கோவை உண்மையில் ஓர் எல்லையை அடைகிறதா என்பதைத் தனியே நிறுவ வேண்டும். அந்தப் படியை இராமானுஜன் விரித்து எழுதவில்லை. அப்படியொரு படி தேவை என்பதை அவருக்கு அதுவரை யாரும் சொல்லித்தரவும் இல்லை.

கடல் கடந்த கடிதம்

1912ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில், மாதம் 30 ரூபாய் ஊதியத்தில், கணக்குப் பிரிவு எழுத்தராக இராமானுஜன் சேர்ந்தார். அங்குத் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்கு ஆதரவாக நின்றனர். 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட தேற்றங்கள் அதில் இருந்தன. நிரூபணம் ஒன்றுகூட இல்லை.

ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் ஓர் இரவில் அத்தாள்களை ஆராய்ந்தனர். சில தேற்றங்கள் முன்பே அறியப்பட்டவை. சில அரிதின் முயன்று நிறுவத்தக்கவை. சில ஹார்டியே அதுவரை கண்டிராதவை. எழுதியவர் உண்மையான மேதை என்று அவ்விரவே முடிவு செய்தனர். ஹார்டி உடனே மறுமொழி எழுதினார்; அதில் நிரூபணங்களை அனுப்புமாறு வேண்டினார். அதன் பின் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. பட்டமில்லாத ஒருவருக்கு அது கிடைத்தது பெரும் வியப்பே.

ஆனால் அக்கடிதத்தில் ஒரு பிழையும் இருந்தது. ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதை மிகத் துல்லியமாகக் கூறும் சூத்திரம் ஒன்றைத் தாம் கண்டுவிட்டதாக இராமானுஜன் நம்பினார். சிறிய எண்களில் அது அழகாகப் பொருந்தியது. எனினும் பெரிய எண்களில் அவர் எண்ணிய துல்லியம் அதற்கு இல்லை. இத்துறை, எடுத்துக்காட்டுகளை நம்பியோரை அதற்கு முன்பும் ஏமாற்றியிருந்தது. பத்து இலட்சத்துக்குக் கீழே 78,498 பகா எண்கள் உள்ளன. ஜெர்மானிய மேதை காஸ் வழிவந்த மதிப்பீடு ஏறத்தாழ 78,628 என்று காட்டும். அதாவது சற்றுக் கூடுதல். கணக்கிட்டுப் பார்த்த ஒவ்வோர் இடத்திலும் மதிப்பீடு கூடுதலாகவே இருந்ததால், என்றும் அவ்வாறே இருக்கும் எனப் பலரும் எண்ணினர். 1914இல் லிட்டில்வுட் அது தவறென நிறுவினார். மதிப்பீடு குறைந்துபோகும் இடங்கள் முடிவின்றி உண்டு. ஆனால் அவற்றில் முதலாவதே எந்தக் கணிப்பொறியும் நேரில் எண்ணி எட்ட முடியாத தொலைவில் இருக்கிறது. கோடிக்கணக்கான எடுத்துக்காட்டுகள் ஒரே பக்கம் சாட்சி கூறினாலும் விதி பொய்யாகக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

ஆசிரியரின் இக்கட்டு

1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் சென்னையிலிருந்து கப்பலேறி, ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்தார் இராமானுஜன். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி அவரை ஏற்றது. அங்கு ஹார்டிக்கு ஓர் இக்கட்டு ஏற்பட்டது. அது இன்றும் ஒவ்வோர் ஆசிரியரும் சிந்திக்க வேண்டிய இக்கட்டு.

இருபத்தாறு வயது மாணவர். தொடர்பின்னங்களில் உலகில் எவருக்கும் இளைக்காதவர். ஆனால் அந்நாளில் கேம்பிரிட்ஜ் பட்டதாரி ஒவ்வொருவரும் அறிந்திருந்த கோஷியின் தேற்றம் அவருக்குத் தெரியாது. நிரூபணம் என்றால் என்ன என்பதிலேயே அவருக்குத் தெளிவில்லை. தொடக்கத்திலிருந்து முறைப்படி பாடம் நடத்தினால், அவரிடம் ஊற்றெடுக்கும் கண்டுபிடிப்பு வற்றிவிடுமோ என்ற அச்சம் ஒருபுறம். கற்பிக்காமலே விட்டுவிட்டால், பகா எண் சூத்திரத்தைப் போன்ற பிழைகளிலேயே அவர் வாழ்நாள் கழிந்துவிடுமோ என்ற கவலை மறுபுறம். லிட்டில்வுட் பாடம் சொல்லித்தர முயன்றபோது, ஒவ்வொரு கருத்தும் இராமானுஜனிடம் பத்துப் புதுக் கருத்துகளைக் கிளப்பிவிட்டதால் பாடம் நகரவே இல்லை என்பர்.

ஹார்டி இடைவழி ஒன்றைக் கண்டார். இராமானுஜன் கண்டறிந்த முடிவுகளையே எடுத்துக்கொண்டு, அவற்றை நிறுவும் வழியை அவருடன் சேர்ந்தே தேடினார். அந்தத் தேடலின்போது தேவைப்பட்ட விதிமுறைகளை அவ்வப்போது கற்பித்தார். மாணவரின் சொந்தக் கேள்விக்கு விடையாக வந்ததால் அக்கல்வி சுமையாகத் தோன்றவில்லை. தாம் கற்பித்ததைவிட அவரிடம் கற்றதே மிகுதி என்று ஹார்டி பின்னாளில் மனமுவந்து எழுதினார். 1916இல், பகு எண்களைப் பற்றிய ஆய்வுக்காக இராமானுஜனுக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் எட்டாத பட்டம் அது.

பட்டியலில் கண்ட ஒழுங்கு

இரு முறைகளும் இணைந்து பயன் தந்ததற்கு எண்களின் பிரிவினை பற்றிய ஆய்வு சிறந்த சான்றாகும். சின்னமனூர்ச் சந்தையில் நான்கு வாழைத்தார்களைக் குவியல்களாக வைக்க வேண்டும் என்று கொள்வோம். நான்கும் ஒரே குவியல், மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் தனித்தனி. ஆக 5 வழிகள். ஒன்பது தார்களானால் 30 வழிகள், பதினான்கானால் 135, பத்தொன்பதானால் 490, இருபத்து நான்கானால் 1,575. எண்ணிக்கை இவ்வாறு வேகமாகப் பெருகும். 200க்கு வரும்போது அது 3972999029388 என்னும் பதின்மூன்று இலக்க எண்ணாகிவிடுகிறது.

மக்மேகன் என்னும் அறிஞர் 1 முதல் 200 வரை இவ்வெண்ணிக்கைகளைக் கையாலேயே கணக்கிட்டுப் பட்டியலிட்டிருந்தார். ஹார்டியும் இராமானுஜனும் 1918இல் வெளியிட்ட சூத்திரம் இப்பட்டியலோடு வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தது. ஆனால் அதே பட்டியலில் இராமானுஜனின் கண் வேறொன்றையும் கண்டது. மேலே கூறிய 5, 30, 135, 490, 1,575 ஆகியவற்றைப் பாருங்கள். அனைத்தும் ஐந்தால் வகுபடுகின்றன. நான்கில் தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டிச் சென்றால் எங்கும் இவ்வாறே நிகழும் என ஊகித்தார். ஏழுக்கும் பதினொன்றுக்கும் இதைப் போன்ற விதிகள் இருப்பதையும் கண்டார். முன்னைய இராமானுஜனாக இருந்தால் முடிவைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்ததற்குச் சென்றிருப்பார். கேம்பிரிட்ஜில் பயின்ற இராமானுஜனோ ஐந்துக்கும் ஏழுக்கும் உரிய விதிகளை நிரூபணத்துடன் 1919இல் வெளியிட்டார்.

அவர் அங்கும் நிற்கவில்லை. 25, 125 என ஐந்தின் அடுக்குகளுக்கும், 49, 343 என ஏழின் அடுக்குகளுக்கும், பதினொன்றின் அடுக்குகளுக்கும் ஒரே வகையான விதி பொருந்தும் எனப் பொதுமைப்படுத்தினார். 49 வரை பட்டியல் அவருக்குச் சான்று கூறியது. 343க்கு முதற்சோதனை நிகழ வேண்டிய இடம் 243. பட்டியலோ 200இல் முடிந்துவிட்டது. பின்னாளில் ஹன்ஸ்ராஜ் குப்தா என்ற இந்தியக் கணித அறிஞர் பட்டியலை 300 வரை நீட்டினார். 1934இல் சாவ்லா என்ற மற்றோர் இந்திய அறிஞர் அதில் 243க்குரிய எண்ணை எடுத்து வகுத்துப் பார்த்தார். 133978259344888 என்னும் அவ்வெண் 49ஆல் வகுபட்டது, 343ஆல் வகுபடவில்லை. ஏழுக்குரிய விதி அங்கே முறிந்தது. 1938இல் வாட்சன் ஐந்தின் விதியை நிறுவி, ஏழின் விதியைத் திருத்தி நிறுவினார். பதினொன்றின் விதியை 1967இல் அட்கின் நிறுவினார். அவ்விதி இராமானுஜன் கூறியபடியே மெய்யாயிற்று.

மூன்று ஊகங்களில் இரண்டு முழு உண்மை. ஒன்று சிறு திருத்தத்துடன் உண்மை. விதியை ஊகிக்கும் கண் இராமானுஜனுக்கு இருந்திராவிட்டால், நிறுவுவதற்கே ஒன்றும் இருந்திராது. நிறுவும் முயற்சி இல்லாதிருந்தால், பிழையான விதியும் மெய்யான விதியும் ஒன்றாகவே மதிக்கப்பட்டிருக்கும்.

இறுதி நாட்கள்

1918ஆம் ஆண்டு இராயல் கழகத்தின் உறுப்பினராகவும், அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வு உறுப்பினராகவும் இராமானுஜன் தேர்ந்தெடுக்கப்பட்டார். டிரினிட்டியில் அப்பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆனால் போர்க்காலத் தட்டுப்பாடும், குளிரும், சைவ உணவு கிடைக்காமையும் சேர்ந்து 1917 முதலே அவர் உடல்நலம் குன்றியிருந்தது. 1919இல் தாயகம் திரும்பினார். கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் சென்னையிலும் மருத்துவம் நடந்தது. படுக்கையில் இருந்தபடியே கணக்கிட்டுக் கொண்டிருந்தார். 1920 ஜனவரியில், போலித் தீட்டாச் சார்புகள் எனப்படும் புதுவகைச் சார்புகளைப் பற்றி ஹார்டிக்கு இறுதிக் கடிதம் எழுதினார். அதிலும் பல எடுத்துக்காட்டுகளைத் தந்தாரேயன்றி முழுமையான வரையறை தரவில்லை. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் அவர் உயிர் பிரிந்தது.

அவர் விட்டுச்சென்ற எடுத்துக்காட்டுகளிலிருந்து பொதுவிதியைக் கண்டு நிறுவ உலகிற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2002இல் சுவேகர்ஸ் என்னும் டச்சு ஆய்வாளர் அச்சார்புகளின் இயல்பைத் தெளிவாக்கினார். இறுதிக் காலத்தாள்கள் 1976இல் டிரினிட்டி நூலகத்தில் கிடைத்தன. இந்தியா அவர் பிறந்தநாளைத் தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகிறது.

நமக்குரிய பாடம்

மாணவத் தோழர்களே! இராமானுஜன் கையில் இருந்ததும் நிரூபணமில்லாத சூத்திரத் தொகுப்புத்தான். நம் கையில் இருக்கும் கைடும் அத்தகையதே. அவர் ஒவ்வொரு சூத்திரத்தையும் சோதித்துப் பார்த்தார். நாம் ஒப்புவித்துவிட்டு மூடி வைக்கிறோம். எல்லோரும் இராமானுஜன் ஆகிவிட முடியாது என்பது உண்மையே. ஆனால் ஒரு விதியைப் படித்தவுடன் அதற்கு மூன்று எடுத்துக்காட்டுகளைத் தானே தேடிப் பார்ப்பதும், அது பொருந்தாத இடம் ஏதேனும் உண்டா என்று ஒருமுறை வினவுவதும் மேதைகளுக்கு மட்டும் உரியவை அல்ல.

ஏலக்காயிலும் மேகமலையிலும் நாம் கண்ட விதியையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். அவ்விதியைத் தானே கண்ட மாணவன், உத்தமபாளையம் வழியாகப் பேருந்தில் செல்லும்போது ஊர்ப் பலகையைப் பார்த்து, இங்கே பகர மெய் ஏன் மிகவில்லை என்று ஐயுறுவான். உத்தம என்பது மகர மெய்யில் முடியும் சொல்தானா என்று முதலில் வினவுவான். இராமானுஜன் வளர்ந்த கும்பகோணத்தின் பெயரும் அவனுக்கு ஒரு கேள்வியாகும். கும்பமும் கோணமும் சேரும்போது ககர மெய் மிகாததற்குக் காரணம், அவை வடசொற்களாய் வடமொழி முறையில் சேர்ந்தமையே என்று நூலைப் புரட்டி அறிவான். விதியைக் காண எடுத்துக்காட்டுகள் உதவின. விதியின் எல்லையை அறிய நூலும் ஆசிரியரும் உதவினர். விதியை மட்டும் ஒப்புவித்த மாணவனுக்கோ அந்த ஊர்ப் பலகை வெறும் பலகையாகவே இருக்கும்.

கற்பிக்கும் பெருமக்களிடமும் பணிவுடன் ஒரு வேண்டுகோள் உண்டு. திராட்சைத் தோட்டத்திலும் ஏலக்காட்டிலும் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள், அவர்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர்கள், நம் வகுப்புகளில் பலர் உள்ளனர். எந்தக் கொடியை எப்போது கவாத்து செய்ய வேண்டும் என்பதை அவர்கள் பெற்றோர் கண்டும் செய்தும் கற்றவர்கள். அப்பிள்ளைகளுக்கும் கண்டறியும் கண் உண்டு. வகுப்பில் விதியைக் கூறுவதற்கு முன் ஐந்து நிமிடம் எடுத்துக்காட்டுகளை மட்டும் வைத்து அவர்களைப் பேசவிட்டால், ஹார்டி செய்ததைப் போல் அவர்கள் கண்டதிலிருந்தே நிரூபணத்திற்கு அழைத்துச் செல்ல முடியும். கும்பகோணத்துக் கல்லூரி தன் மாணவர் ஒருவரைத் தேர்வில் தோற்றவராகவே அனுப்பி வைத்தது. அத்தகைய மாணவர் நம் கல்லூரியின் கடைசி வரிசையில் இன்று அமர்ந்திருந்தால், அவரை நாம் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.